ராயபுரம் 600013: இது பகா எண்ணா?

[திரை: தபால் கவர். முகவரியின் கடைசியில் 600013.]

பின்கோடு 1972-ல வந்தது, தபால் பிரிக்க. ராயபுரத்தோட 600013-ஐ இன்னைக்கு ஒரே முழு எண்ணா, ஆறு லட்சத்துப் பதிமூணுன்னு படிப்போம். இது பகா எண்ணா?

வண்ணாரப்பேட்டை 600021-னா கவலையில்ல. இலக்கக் கூட்டல் 9, முதல் அடியிலேயே சாஞ்சிடும். ராயபுரம் அப்படி இல்ல. ஒற்றைப்படை, 5-ல முடியல. இலக்கக் கூட்டல் 10, அதனால 3 போகாது. 7-க்கு மீதி 1, 11-க்கும் 13-க்கும் போகல. நிறைய பேர் இங்கேயே பேனாவை மூடிடுவாங்க. தப்பு அங்கதான்.

774-ஓட வர்க்கம் 599076, 775-ஓடது 600625. காரணி ரெண்டுமே 775-ஐத் தொட்டா பெருக்கல் 600013-ஐத் தாண்டிடும். அதனால 774 வரைக்கும் உள்ள 137 பகா எண்களைப் போட்டுப் பார்க்கணும்.

[திரை: 41 → மீதி 19, 43 → 34, 47 → 11, 53 → 0]

பதினாறாவது பகா எண்ல மாட்டிக்கிச்சு. 600013 = 53 × 11321.

கால்குலேட்டர்ல புள்ளிக்கு அப்புறம் வர்றதை மீதின்னு எடுத்துக்காதீங்க. முழு எண் பகுதியைத் திருப்பிப் பெருக்கிக் கழிங்க: 47 × 12766 = 600002, மீதி 11.

11321 இன்னும் உடையுமா? அதோட வர்க்கமூலம் 106 சொச்சம். 47 வரைக்கும் ஏற்கெனவே தள்ளியாச்சு. ஆனா 53-ஐ மறுபடி போடணும், ஒரே காரணி ரெண்டு தடவை வரலாமே! மீதி 32. 59-லேர்ந்து 103 வரைக்கும் உள்ள 11 பகா எண்ணும் போகல. ஆக 11321 பகா எண். 600013-க்கு வகுத்திகள் நாலே நாலு: 1, 53, 11321, 600013.

பெரம்பூர் 600011-க்கு 137-ம் போட்டாலும் எதுலயும் மீதி பூஜ்ஜியம் வராது. அசல் பகா எண். 53 மட்டும் குறுக்கே வரலன்னா பெரம்பூரும் ராயபுரமும் இரட்டைப் பகா எண்கள், அதாவது 2 மட்டுமே வித்தியாசம் உள்ள பகா எண் ஜோடி, ஆகியிருக்கும். ராயபுரத்தைக் கவுக்க ஒரு வகுத்தல் போதும். பெரம்பூரை இந்த வழியில நிரூபிக்க 137-ம் வேணும்.

ருசியே இனிமேதான். 53, 11321 ரெண்டையும் 4-ஆல வகுத்தா மீதி 1. அப்படிப்பட்ட எந்தப் பகா எண்ணையும் ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுதிடலாம்.

[திரை: 53 = 7² + 2², 11321 = 85² + 64²]

இப்ப பழங்கால இந்தியக் கணித மேதை பிரம்மகுப்தரோட சூத்திரம். இப்படிப்பட்ட ரெண்டு எண்களைப் பெருக்கினா வர்றதையும் ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுத இது வழி சொல்லுது. 7 × 85 = 595, 2 × 64 = 128. குறுக்கே 7 × 64 = 448, 2 × 85 = 170. முதல் ஜோடியைக் கூட்டினா 723, அடுத்ததைக் கழிச்சா 278. மாத்திச் செஞ்சா 467, 618. ரெண்டு ஜோடியையும் கூட்டினாலோ, ரெண்டையும் கழிச்சாலோ விடை தப்பிடும். ஒண்ணு கூட்டல்னா இன்னொண்ணு கழித்தல்.

[திரை: 600013 = 723² + 278² = 467² + 618²]

பெரம்பூருக்கு இது வாய்க்காது. 600011-ஐ 4-ஆல வகுத்தா மீதி 3. எந்த வர்க்கத்துக்கும் மீதி 0 இல்லன்னா 1தான். ரெண்டைக் கூட்டினா 2-க்கு மேல போகாது.