மின்மீட்டர் யாரை நம்புகிறது?

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பிற ஊர்களிலும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, வைரஸ், கடவுச்சொல் என்று வழக்கமாகத் தொடங்கும் இடத்தில் தொடங்குவதில்லை என்று முடிவு செய்தேன். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் ப்ரீபெய்ட் மின்மீட்டரிலிருந்து தொடங்குகிறேன். நம் தென்னாப்பிரிக்காவில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றிப் பலரும் கையால் அழுத்திப் பழகிய பாதுகாப்புக் கணினி அதுதான்.

2024 நவம்பர் 24-க்கு முன்பு, மின்சாரம் வாங்கியபோது கிடைத்த 20 இலக்க எண்ணை, அதாவது டோக்கனை, அழுத்துவதற்கு முன்னதாக, வேறு இரண்டு 20 இலக்க எண்களையும் மீட்டரில் அழுத்தச் சொன்னார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓர் இலக்கம் தவறினால் வீடே இருண்டுவிடும் என்ற அச்சத்தோடு அவற்றை அழுத்தினார். காரணம் எளிது. ஒவ்வொரு டோக்கனுக்குள்ளும் அது விற்கப்பட்ட நேரம் மறைந்திருக்கிறது. அந்த நேரம் 1993 ஜனவரி 1 முதல் கடந்த நிமிடங்களாக, 0, 1 ஆகிய இரண்டை மட்டுமே கொண்ட 24 இரும இலக்கங்களில் எழுதப்படுகிறது. அத்தனை இலக்கங்களில் 1,67,77,216 நிமிடங்களுக்கு மேல் எண்ண இயலாது. அந்தக் கணக்குத் தீர்ந்த நாள்தான் நவம்பர் 24.

நேரம் எதற்கு என்றால், ஒரே டோக்கனை இருமுறை அழுத்தி மின்சாரம் பெறுவதைத் தடுப்பதற்கு. மீட்டருக்கு வலைத்தொடர்பு கிடையாது. அது எவரையும் கேட்க முடியாது. தன்னிடம் சொல்லப்பட்ட எண் மெய்யா பொய்யா என்பதைத் தனியாக நின்று தானே தீர்மானிக்க வேண்டும். ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட டோக்கன்களை அது நினைவில் வைத்து, அதே எண் மறுபடி வந்தால் தள்ளிவிடுகிறது. புதிய எண் வந்தால், தனக்கென்று உள்ள இரகசியச் சாவியால், அதாவது ஒரு மறை எண்ணால், அதைத் திறந்து பார்க்கிறது. சரியாகத் திறந்தால் விளக்கு எரிகிறது. ஆகவே மீட்டர் கடைக்காரரை நம்புவதில்லை, அச்சிட்ட சீட்டை நம்புவதில்லை, என் அத்தையையும் நம்புவதில்லை. சாவியை வைத்திருப்பவர் எவரோ, அவரை மட்டுமே நம்புகிறது.

சங்கடமும் அங்கேதான் பிறந்தது. டோக்கன்களை உருவாக்கும் சாவிகள் விற்பனை இயந்திரங்களுக்குள் இருந்தன. அந்த இயந்திரங்களில் சில களவு போயின. களவாடியவர்கள் அச்சிட்ட டோக்கன்களை மீட்டர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டன. மறையீட்டுக் கணிதத்தை எவரும் உடைக்கவில்லை, மீட்டரும் பழுதாகவில்லை, தனக்குக் கற்பித்தபடியே அது நடந்தது. நிமிடக் கணக்குத் தீர்ந்ததற்காக, அத்தை அழுத்திய அந்த இரண்டு எண்களைப் போன்றவற்றின் வழியே மீட்டர்களின் சாவிகளை மாற்றியபோது, பழைய சாவியோடு பதுக்கி வைக்கப்பட்ட இயந்திரங்களும் பயனற்றுப் போயின. தற்செயலாகக் கிடைத்த ஆதாயம் என்று இதைச் சொல்லலாம்.

இந்த மீட்டர்களைப் பற்றி ஆய்வு செய்தவர்களுள் ஒருவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ராஸ் ஆண்டர்சன். நம்பப்படுவது வேறு, நம்பத்தக்கது வேறு என்பதை அவர் வலியுறுத்தி வந்தார். ஓர் உறுப்பு கெட்டுப்போனால் நம் பாதுகாப்பே குலைந்துவிடும் என்றால் அது நம்பப்படும் உறுப்பு. அது கெடாது என்பதற்குத் தக்க ஆதாரம் இருந்தால்தான் நம்பத்தக்க உறுப்பு. விற்பனை இயந்திரம் முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகையில் சேர அதற்குத் தகுதி இருக்கவில்லை. நான் வங்கிக் கணினிப் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில் கண்ட விபத்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால் நேர்ந்தவையே.

நம்பிக்கையையே சரக்காக விற்ற நிறுவனம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. கேப் டவுனுக்கு அருகே, பெற்றோர் வீட்டு கராஜில், மார்க் ஷட்டில்வொர்த் 1995-இல் தொடங்கிய தாவ்ட் நிறுவனம் அது. இணையத்தளம் ஒன்று தான் இன்னார் என்று சொன்னால், ஆம், இன்னார்தான் என்று சான்றிதழ் கொடுப்பது அதன் தொழில். 1999-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதை ஏறத்தாழ 57.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே தாவ்ட், தனிமனிதர்களுக்கு வேறொரு முறையையும் நடத்தியது: ஒருவர் தம் அடையாளச் சீட்டோடு நேரில் வந்து, ஏற்கெனவே சான்று பெற்ற பலரைச் சந்தித்து, அவர்கள் வாய்மொழியால் படிப்படியாக மதிப்பெண் சேர்க்க வேண்டும். பெண் பார்க்கப் போகுமுன் குடும்பத்தைப் பற்றி நாலு வீட்டில் விசாரிக்கும் நம் வழக்கத்தை எனக்கு அது நினைவூட்டியது. அம்முறை 2009-இல் நிறுத்தப்பட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

சான்று கொடுப்பவரே களவுக்கு ஆளானால் என்ன ஆகும் என்பதை 2011-இல் ஹாலந்து நாட்டின் டிஜிநோட்டார் நிறுவனம் காட்டியது. ஊடுருவியவர்கள் அதன் பெயரில் 500-க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள்; அவற்றுள் கூகுள் பெயரில் இருந்த ஒன்று ஈரான் மக்களின் மின்னஞ்சலை ஒட்டுக்கேட்கப் பயன்பட்டது. அந்நிறுவனம் சில வாரங்களிலேயே திவாலானது. உங்கள் கைபேசி இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட சான்றுச் சாவிகளை நம்பும்படி அமைக்கப்பட்டே உங்களிடம் வருகிறது. அவற்றை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

மென்பொருளை எழுதியவர் எழுதியபடியே உள்ள மூல நிரலை நாமே படித்துப் பார்த்துவிட்டால் போதுமே என்று கேட்பவர்களுக்கு, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ப்சன் 1984-இலேயே விடை சொல்லிவிட்டார். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் கள்ளச் சாவி ஒன்றைப் புதைத்து, அந்தக் கம்பைலர் தன்னைத் தானே மறுபடி உருவாக்கும்போதெல்லாம் சாவியையும் சேர்த்துக்கொள்ளும்படி செய்ய முடியும். பிறகு மூல நிரலில் தேடினால் ஒரு தடயமும் கிடைக்காது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள் கருவியில் இதற்கு உறவான வேலை ஒன்று அகப்பட்டது. புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்ல உதவிகளைச் செய்து, பொறுப்பாளர் ஆகி, அதன் பின்னரே கள்ள வாசலை வைத்தார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் உள்நுழைய ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால் அது வெளிப்பட்டது.

இப்போது சிலர், எதையும் நம்பாத அமைப்பு என்று சொல்லி மென்பொருள் விற்கிறார்கள். ஒவ்வொரு கோரிக்கையையும் அங்கங்கே சோதிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் சோதிக்கும் பொறியை யாராவது நம்பித்தானே ஆக வேண்டும்? நம்பிக்கை ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் 1975-இல் எழுதியது இன்னும் எனக்கு நேர்மையாகப் படுகிறது: எந்த உறுப்புக்கும் அதன் வேலைக்குத் தேவையான அதிகாரத்துக்கு மேல் கொடுக்காதே, காவல் செய்யும் பகுதியைச் சோதித்து முடிக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக வை.

இந்தக் கண்ணோடு உங்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் அனுப்பும்போது கைபேசிக்கு வரும் ஒருமுறை எண், வங்கியின் காவல் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அங்கே நம்பப்படுபவர், கைபேசி நிறுவனத்தின் கடையில் சிம் மாற்றிக் கொடுக்கும் ஊழியர். வேறொருவர் உங்கள் பெயரைச் சொல்லி அங்கே புது சிம் வாங்கிவிட்டால், ஒருமுறை எண் அவருக்குப் போகும். முடிந்தவர்கள் குறுஞ்செய்திக்குப் பதிலாக வங்கியின் செயலியிலேயே ஒப்புதல் கொடுக்கும் முறைக்கு மாறிக்கொள்ளலாம். கைபேசியில் சிக்னல் காரணமின்றி அறுந்து, அதே நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்தும் பக்கத்து வீட்டாருக்கு மட்டும் இருக்கிறது என்றால், மீண்டும் வரட்டும் என்று காத்திருக்காமல், அவர்களுடைய தொலைபேசியை வாங்கி முதலில் வங்கிக்கும் பிறகு கைபேசி நிறுவனத்துக்கும் அழைத்துவிடுங்கள்.