கேட்காத எழுத்துக்கும் காரணம் உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

"இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்குச் சட்டமே கிடையாது, பாடமாக்கு." மலையகத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை அரிது. சொல்வதெழுதலில் பத்துக்கு மூன்று வாங்கிவிட்டு தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைக்கு இந்தப் பதில் அநியாயம். சட்டம் இருக்கிறது. நாம் அதைத் தேடும் இடம்தான் சரியில்லை.

ஹட்டன் ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் நடுவே இரண்டு 'டீ' எழுத்து. ஒரு மெய் இரட்டித்து வந்தால் அதற்கு முந்தின உயிர் பெரும்பாலும் குறுகி ஒலிக்கும். ஹொப்பிங் என்றால் நொண்டியடிப்பது, இரண்டு 'பீ'. ஹோப்பிங் என்றால் நம்பியிருப்பது, ஒரே ஒரு 'பீ'. தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பக்கத்து எழுத்து செய்துகொடுக்கிறது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எலெக்ட்ரிக், எலெக்ட்ரிசிட்டி, எலெக்ட்ரீஷியன். மூன்றிலும் ஒரே இடத்தில் 'சீ' என்ற ஒரே எழுத்துத்தான். முதலாவதில் அது 'க்', அடுத்ததில் 'ஸ்', மூன்றாவதில் 'ஷ்'. கேட்கிறபடியே எழுதியிருந்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று அந்நியமாகத் தெரியும். பல இடங்களில் ஆங்கில எழுத்து ஒலியை விட்டுக்கொடுத்து, சொல்லின் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. ஓர் எழுத்துக்குப் பல ஒலி என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? கல், தங்கம், மகன் என்று வாசிக்கும்போது 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. யாரும் தடுமாறுவதில்லையே.

வரலாறும் ஒரு காரணம். இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் கெக்ஸ்டன் 1476இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்து எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்ற அதே காலத்தில், மக்களின் உச்சரிப்பு மாறிக்கொண்டே போனது. நைஃப் என்ற சொல்லின் முன்னால் நிற்கும் 'கே' அன்று வாயாரச் சொல்லப்பட்டது. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது.

எல்லாமே இதற்குள் அடங்கும் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றைப் பாடமாக்கத்தான் வேண்டும். ஆனால் ஆசிரியர்களே, சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் அந்தச் சொல்லின் உறவுக்காரரைத் தேடிப் பாருங்கள். சைன் எழுதும்போது பிள்ளை 'ஜீ'யை விட்டுவிட்டதா? சிக்னல் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அங்கே 'ஜீ' கேட்கும். டூ என்ற எண்ணில் 'டபிள்யூ' எதற்கு என்று கேட்கிறதா? ட்வெல்வ், ட்வென்டி, ட்வின் என்று சொல்லிக் காட்டுங்கள்.


வணக்கம்.