கல் எறியும் பேயும் அந்த வீட்டுப் பிள்ளையும்

[காட்சி: இருட்டு. ஓட்டுக்கூரையில் கல் விழும் சத்தம்.]

இரவு பத்து மணி. ஓட்டின் மேல் 'டொக்' என்று ஒரு கல். வெளியே வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெருவில் ஒருவரும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் இன்னொரு கல். மறுநாள் அடுக்களையில் தட்டு தானாக விழுகிறது. கொடியில் காய்ந்த துணியில் தீப்பிடிக்கிறது. நம் ஊரில் இதைக் குட்டிச்சாத்தான் வேலை என்பார்கள், செய்வினை என்பார்கள். பக்கத்து வயல்காரரோடு வரப்புத் தகராறு இருந்துவிட்டால், 'ஏவி விட்டுட்டான்' என்று பேச்சு நேராக அங்கே போய் நிற்கும்.

ஜெர்மன் மொழியில் இதற்குப் பெயர் போல்டர்கைஸ்ட். 'போல்டர்ன்' என்றால் தடதடவென்று சத்தம் போடுவது, 'கைஸ்ட்' என்றால் ஆவி. இது உருவம் காட்டாது. தட்டும், உருட்டும், தூக்கி எறியும். அந்தப் பெயரைத்தான் இன்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட சம்பவங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தபோது ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நாடு மாறுகிறது, நூற்றாண்டு மாறுகிறது. ஆனால் பெரும்பாலும் அந்த வீட்டில் பத்துக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. எல்லோரும் பறக்கும் தட்டையே பார்க்கிறார்கள். பிள்ளையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்த வீடியோ அந்தப் பிள்ளையைப் பற்றியது.

[காட்சி: 1977. வடக்கு லண்டனில் வரிசையாகச் செங்கல் வீடுகள்.]

1977 ஆகஸ்ட் 31. லண்டனின் வடக்கே என்ஃபீல்டு என்ற பகுதி. நகராட்சி வாடகைக்குக் கொடுத்த சின்ன வீடு. கணவரைப் பிரிந்த ஒரு தாய், நான்கு பிள்ளைகள். மேசை நாற்காலி நகர்கிறது, சுவரில் யாரோ தட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் அலறினார்கள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், போலீஸ் வந்தது. வந்த பெண் காவலர் ஒருவர், நாற்காலி ஒன்று ஆடி, தரையில் சில அடி தூரம் நகர்ந்ததைப் பார்த்தேன், எப்படி நகர்ந்தது என்று தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்ஃபீல்டு பேயை நம்புகிறவர்கள் இன்றும் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.

அடுத்து டெய்லி மிரர் பத்திரிகை. படமெடுக்க வந்த கிரஹாம் மோரிஸின் கண்ணுக்கு மேலே, எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு லெகோ கட்டை அடித்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் கடைசிவரை அந்த வீட்டோடு இருந்தார்கள். ஆவி சம்பந்தப்பட்ட நிகழ்வுகளை ஆராய்வதற்கென்று 1882-ல் லண்டனில் தொடங்கப்பட்ட ஒரு சங்கம் உண்டு. அதைச் சேர்ந்த மாரிஸ் க்ரோஸ், கை லயன் பிளேஃபேர் இருவரும் ஒரு வருடத்துக்கும் மேலாக அங்கே போய்வந்தார்கள், பல இரவுகள் கண்விழித்துக் காத்திருந்தார்கள், நாடா நாடாவாக ஒலிப்பதிவு செய்தார்கள்.

க்ரோஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருடம் முன்புதான் அவர் தன் மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்திருந்தார். அந்த மகளின் பெயரும், என்ஃபீல்டு வீட்டில் எல்லோருடைய கண்ணும் பதிந்திருந்த 11 வயதுச் சிறுமியின் பெயரும் ஒன்றே. இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம், மரணத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என ஏங்கும் தகப்பன். இன்னொரு பக்கம், அப்பா வீட்டை விட்டுப் போய்விட்ட ஒரு பெண் குழந்தை. அந்த மனிதர் தினமும் வந்து, அவள் சொல்வதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்கிறார்.

[ஒலி: பழைய நாடாப் பதிவின் இரைச்சல்.]

சில மாதங்களில் அந்தச் சிறுமியிடமிருந்து கரகரத்த கிழவர் குரல் வர ஆரம்பித்தது. இதே வீட்டில் வாழ்ந்தவன் நான், கண் தெரியாமல் போனது, கீழே மூலையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனேன் என்றது. முன்பு அங்கே குடியிருந்த ஒருவர் அப்படித்தான் இறந்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. நம்புகிறவர்களுக்கு அது பெரிய சான்று. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு வீட்டில் யார் எப்படிச் செத்தார் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். தெருவில் விளையாடும் பிள்ளை காதில் அது விழாமலா இருக்கும்?

குரலுக்கும் விளக்கம் உண்டு. நம் தொண்டையில் குரல்நாண்களுக்குச் சற்று மேலே போலிக் குரல்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. அவற்றை அதிரவைத்தால் அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற முரட்டுக் குரல் வரும். சிறுமியின் குரல் அங்கிருந்துதான் வந்தது என்று ஆய்வாளர்களின் சோதனையே காட்டியது. பேச்சுப் பொம்மை வித்தையில் பேர்பெற்ற ரே ஆலன் நேரில் வந்து கேட்டுவிட்டு, இது குரல் வித்தைதான் என்றார். அதே சங்கத்தைச் சேர்ந்த அனிதா கிரெகரியும் நம்பவில்லை. பக்கத்து அறையிலிருந்து இயங்கிய வீடியோ கேமரா, அந்தச் சிறுமி கரண்டியைக் கையாலேயே வளைப்பதைப் பதிவு செய்திருந்தது.

அவளே பின்னாளில் ஒப்புக்கொண்டாள்: சிலவற்றை நாங்களே செய்தோம், அவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கத்தான், அது ஒரு 2 சதவீதம் இருக்கும். மீதி உண்மை என்பதில் உறுதியாக இருந்தாள். அந்த மீதியைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. என் கணிப்பில், கேமராவுக்கு முன்னால் எதுவும் பேயாக நிற்கவில்லை. ஆனால் அவளைப் 'பொய்க்காரி' என்று சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் அவளைப் 'பேய்ப் பெண்' என்று கூப்பிட்டார்கள், சட்டைக்குள் பூச்சியைப் பிடித்துப் போட்டார்கள். மனநல மருத்துவமனையில் பல வாரம் வைத்துச் சோதித்தார்கள். பதினோரு வயதில் இதையெல்லாம் ஒரு குழந்தை வேண்டுமென்றே தேடிக்கொள்ளுமா?

ஆவி ஆய்வாளர்களிலேயே ஒரு பிரிவினர், இது செத்தவர் ஆவியே இல்லை, வீட்டில் இருக்கும் ஒருவரின், பெரும்பாலும் வளரும் பிள்ளையின், அடங்கிக் கிடக்கும் மன அழுத்தம்தான் பொருள்களை நகர்த்துகிறது என்கிறார்கள். வில்லியம் ரோல் என்பவர் 1958-ல் நியூயார்க் அருகே சீஃபோர்டில் ஒரு வீட்டை ஆராய்ந்தபின் இந்தக் கருத்தைப் பரப்பினார். அங்கே பாட்டில் மூடிகள் தானாகத் திறந்துகொண்டன, வீட்டில் 12 வயதுப் பையன் இருந்தான். மனம் பொருளை நகர்த்தும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஆனால் நம்புகிறவர், நம்பாதவர் இருவரும் விரல் நீட்டும் இடம் ஒன்றுதான்.

[காட்சி: 1762. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு படுக்கையறை.]

இருநூறு வருடம் பின்னால் போவோம். அதே லண்டன், காக் லேன் என்ற சந்து. பார்சன்ஸ் என்பவர் தன் வீட்டில் குடியிருந்தவரிடம் கடன் வாங்கியிருந்தார். கடன் கொடுத்தவர் கேட்க, பகை முற்றியது. குடியிருந்தவரோடு வாழ்ந்த பெண் அம்மையில் இறந்திருந்தாள். அப்புறம் பார்சன்ஸின் மகள், சுமார் 12 வயதுக் குழந்தை, படுக்கும் கட்டிலைச் சுற்றித் தட்டும் சத்தமும் பிறாண்டும் சத்தமும் கேட்க ஆரம்பித்தன. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. இறந்தவளின் ஆவியாம், தனக்கு விஷம் வைத்தார் என்று கடன் கொடுத்தவரைக் காட்டிக் கொடுத்ததாம். சந்து முழுக்கக் கூட்டம்.

அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் உட்பட ஒரு குழு விசாரிக்கப் போனது. கல்லறையில் என் பெட்டிமேல் தட்டுகிறேன் என்று ஆவி வாக்குக் கொடுத்திருந்தது. நிலவறைக்குள் இறங்கிக் காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. இன்று சத்தம் வராவிட்டால் உன்னையும் அப்பா அம்மாவையும் நியூகேட் சிறையில் தள்ளிவிடுவார்கள் என்று அந்தக் குழந்தையிடம் சொன்னார்கள். அவள் ஒரு சின்ன மரத்துண்டை ஆடைக்குள் ஒளித்துப் படுக்கைக்குக் கொண்டுபோனாள். பிடித்துவிட்டார்கள். அப்பாவுக்கு இரண்டு வருடச் சிறை கிடைத்தது. அந்த மரத்துண்டை எடுத்தபோது அவள் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1848-ல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள் அம்மாவைப் பயமுறுத்தத் தொடங்கிய விளையாட்டும் இப்படித்தான் கைமீறியது. அதிலிருந்து ஆவிகளோடு பேசும் ஒரு மதமே கிளம்பியது. நாற்பது வருடம் கழித்து, 1888-ல், அவர்களில் ஒருவர் நியூயார்க் மேடையில் செருப்பைக் கழற்றி, கால் விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தத்தை உண்டாக்கினோம் என்று காட்டினார். அடுத்த வருடமே அதையும் மறுத்தார். இருவரும் வறுமையில் செத்தார்கள்.

சரி, எல்லா வீட்டிலும் பிள்ளைதான் காரணமா? இல்லை. சில வீட்டில் கட்டிடத்தைப் பார்க்க வேண்டும். 1921-ல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். புது வீட்டுக்குப் போனதிலிருந்து காலடிச் சத்தம், கட்டில் பக்கத்தில் உருவங்கள், ஓயாத தலைவலி, செடிகள்கூட வாடின. காரணம் பழுதான சூடேற்றும் உலை. அதிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாயு உயிரையே எடுக்கும். விக் டாண்டி என்ற ஆங்கிலப் பொறியாளர், தான் வேலை பார்த்த கூடத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவத்தைப் பார்த்தார். மறுநாள் பிடிப்பானில் மாட்டிய வாள் ஒன்று தானாக அதிர்வதைக் கவனித்தார். புதிதாகப் பொருத்திய மின்விசிறி, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் பயம் போய்விட்டது. அந்த அதிர்வு எல்லோருக்கும் உருவம் காட்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அப்புறம் அமுக்குவான் பேய்: தூக்கத்தில் உடல் செயலற்றிருக்கும்போதே மூளை விழித்துக்கொள்வது. அதற்குத் தனி வீடியோ வேண்டும்.

[காட்சி: யாழ்ப்பாணம். பனைமரங்கள். ஒரு பழைய பள்ளிக்கூடம்.]

நமக்கு நெருக்கமான ஒருவரிடம் வருகிறேன். ஆபிரகாம் கோவூர். 1898-ல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தவர். 1928-ல் இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பாடம் நடத்திய தாவரவியல் ஆசிரியர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று சவால் விட்டவர். கல் விழும் வீடுகளுக்கு அவரைக் கூப்பிடுவார்கள். கல்லுக்குப் பின்னால் அவர் கண்டது மனிதக் கைதான். ஆனால் கோவூரிடம் எனக்குப் பிடித்தது பேயை விரட்டியது அல்ல. மனம் நொந்து கிடப்பவர்களிடம் பேசினார், ஹிப்னாடிசத்தால் சிகிச்சையும் செய்தார்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு வீடு என்றால் கோடாங்கியைக் கூட்டிவருவார்கள். உடுக்கை அடிப்பார்கள். கடைசியில் பேய் பிடித்ததாகச் சொல்லப்படுவது அந்த வீட்டுப் பெண் பிள்ளையாக இருக்கும். வேப்பிலையால் அடித்து, உச்சிமுடியைப் பிடித்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். அவள் ஏன் கல் எறிந்தாள் என்று கேட்க மாட்டார்கள். படிப்பை நிறுத்தியதாக இருக்கலாம், பிடிக்காத கல்யாணப் பேச்சாக இருக்கலாம், வீட்டுக்கு வந்துபோகும் ஒருவரின் கையாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது என்றால் 1098-க்கு உடனே அழையுங்கள். அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண்.

உங்கள் தெருவில் ஓட்டின் மேல் கல் விழுந்தால், விழும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அப்போது யார் யார் வீட்டில் இருந்தார்கள் என்று எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், யாரையும் மிரட்ட வேண்டாம். கூட்டத்தை அனுப்பிவிட்டு, அந்தப் பிள்ளையைத் தனியாகத் திண்ணையில் உட்காரவைத்து, முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

[காட்சி: திண்ணையில் இரண்டு தம்ளர். கல் விழும் சத்தம் இல்லை.]