குடத்திலிட்ட விளக்குகள்

(பல்கலைக்கழக ஆய்வுக் கண்காட்சியின் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே! காலையில் ஆட்சிக்குழுக் கூட்டம், மாலையில் இன்னொரு விழா என்று ஓய்வில்லாத ஒரு நாளில், நடுவே இரண்டு மணி நேரத்தை எங்களுக்கென்று ஒதுக்கித் தந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் முதல் வணக்கம். கண்காட்சிக்கு அரங்கும் ஆள்களும் கொடுத்து, கேட்ட கோப்பில் எல்லாம் தாமதிக்காமல் கையெழுத்திட்ட பதிவாளர் அவர்களே, புலமுதன்மையர்களே, துறைத்தலைவர்களே, புறத்தேர்வாளர்களாக வந்து இந்த விழாவுக்கும் தங்கிவிட்ட பேராசிரியர் பெருமக்களே, ஆய்வாளர்களே, அவர்களைப் படிக்க அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்து இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக ஏணியில் ஏறி ஒவ்வொரு ஆய்வேடாக இறக்கித் துடைத்துத் தந்த நூலக உதவியாளர்கள் அதோ கதவோரம் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நான் பேராசிரியன் இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் நூலகத்தின் ஆய்வேட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். எல்லா முனைவர்களின் உழைப்பும் கடைசியில் வந்து சேருகிற அறை அது. அங்கே உட்கார்ந்து ஒரு பழமொழியை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டேன்: குடத்திலிட்ட விளக்கு. என்னைத் தெரிந்தவர்கள் இதை எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். இன்றும் கேட்கத்தான் வேண்டும்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வின் பரப்பு ஒன்று. ஆய்வின் தரம் இரண்டாவது. அந்த ஆய்வு மக்களிடம் போய்ச் சேருவது மூன்றாவது.

பரப்பு என்றால் என்ன? நூலகத்தில் நிற்பவனுக்கு அது வெறும் அலமாரி வரிசைதான். தத்துவம் இந்தப் பக்கம், மின் பொறியியல் அந்தப் பக்கம், நடுவில் இரண்டு மாடிப் படிக்கட்டு. ஆனால் கிளாட் ஷானன் என்ற மாணவருக்கு அந்தப் படிக்கட்டு தடையாக இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு தத்துவ வகுப்பில்தான் அவர் ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞரின் தருக்க முறையைத் தெரிந்துகொண்டார். சரி, தவறு என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சிந்தனையையே கணக்காக எழுதும் முறை அது. பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1937-இல், இருபத்தொரு வயதில், தம் முதுநிலை ஆய்வேட்டை எழுதும்போது மின்சுற்றின் திறப்பையும் மூடலையும் அந்தத் தருக்கத்தால் கணக்கிடலாம் என்று காட்டினார். உங்கள் பையில் இருக்கும் கைபேசி வரைக்கும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. வேதியியலும் அப்படித்தான். 1940-களின் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் லிபி, உயிர் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும் கரிமம் 14 என்ற கதிரியக்கப் பொருளை அளக்கும் முறையைக் கண்டார். பலன் தொல்லியலுக்குப் போனது. ஒரு கரித்துண்டு, ஒரு எலும்பு போதும், அதன் வயதைச் சொல்லலாம்.

இலக்கிய ஆய்வு யாருக்கு உதவும் என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு சொல். மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1928-இல் பாரிசில் முனைவர் பட்டத்துக்கு எழுதியது பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியங்களில் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகளைப் பற்றி. அதன் பிறகு, 1930-களில், யுகோஸ்லாவிய ஊர்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போய், எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் பல்லாயிரம் அடிகளை எப்படிப் பாடுகிறார்கள் என்று பதிவு செய்தார். அந்த வெளிச்சத்தில்தான் நம்முடைய ஈழத் தமிழறிஞர் க. கைலாசபதி, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில், சங்கப் பாடல்களை ஆராய்ந்தார். கிரேக்கத்தில் தொடங்கி, மலையூர்ப் பாடகர்கள் வழியாகப் புறநானூற்றுக்கு வந்த பாதை அது. ஒரு நாட்டுக்கோ ஒரு துறைக்கோ மட்டும் சொந்தம் என்று அதை யாரால் சொல்ல முடியும்?

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒசாமு ஷிமோமுரா என்று ஒரு சிறுவன். 1945-இல் அவன் குடும்பம் நாகசாகிக்குப் பக்கத்தில் இருந்தது. அணுகுண்டு விழுந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. தப்பிப் பிழைத்தவன் படித்தான். நகோயா பல்கலைக்கழகத்தில் ஒளிரும் சிறு கடலுயிர் ஒன்றின் ஒளிப்பொருளைப் பிரித்தெடுத்தான். அந்த வேலையைப் பார்த்து அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பிராங்க் ஜான்சன் அவரை அழைத்தார். கேள்வி ஒன்றே ஒன்று: சொறிமீன் ஏன் ஒளிர்கிறது?

1961 கோடையில் இருவரும் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் காரில் போனார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரைடே ஹார்பர் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. காலையும் மாலையும் வலைக்கரண்டியால் சொறிமீனைக் கோரி எடுப்பார்கள். குடை போன்ற உடம்பின் விளிம்பில்தான் ஒளிரும் உறுப்புகள் இருக்கின்றன. அந்த விளிம்பைக் கத்தரிக்கோலால் வளையமாக வெட்டித் துணியில் வைத்துப் பிழிய வேண்டும். எத்தனை தெரியுமா? அந்த ஒரு கோடையில் மட்டும் சுமார் பத்தாயிரம். ஆனாலும் ஒளிப்பொருள் கைக்கு வரவில்லை. தெரிந்த முறை எல்லாம் தோற்றது. வேறு வழியில் தேட வேண்டும் என்று ஷிமோமுரா சொன்னதை ஜான்சன் ஏற்கவில்லை. ஒரே மேசையின் இரண்டு முனைகளில் இருவரும் தனித்தனியாக வேலை பார்த்தார்கள். அப்புறம் ஷிமோமுரா என்ன செய்தார்? ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய் யோசித்தார். ஒரு நாள் பிற்பகல் படகில் ஒரு எண்ணம் வந்தது. அமிலம் சேர்த்தால் ஒளி அடங்கும், அமிலத்தை முறித்தால் திரும்பும் என்று. திரும்பிவந்து செய்து பார்த்தார். அடங்கியது. முறித்ததும் லேசாக ஒளி வந்தது. சரி, இன்றைக்கு இது போதும் என்று மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினார்.

தொட்டி முழுக்க நீல ஒளி! பளீர் என்று!

ஏன்? பக்கத்தில் இருந்த மீன்தொட்டியின் கடல்நீர் வழிந்து அந்தத் தொட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தது. கடல்நீரில் இருக்கும் கால்சியம்தான் ஒளியைத் தூண்டியது. கீழே கொட்டியதில் கிடைத்த விடை! பத்தாயிரம் சொறிமீனிலிருந்து கடைசியில் தேறிய தூய பொருள் சில மில்லிகிராம்தான். அதோடு பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதமும் கொஞ்சம் வந்தது. அதைப் பற்றி 1962 கட்டுரையில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்கள். குறிப்பு மட்டும்தான். பிறகும் பல கோடைகள் மனைவியோடும் பிள்ளைகளோடும் அவர் சொறிமீன் பிடித்துக்கொண்டே இருந்தார். மொத்தம் எட்டரை லட்சம் என்று கணக்கு.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. அந்தப் பச்சைப் புரதம் எத்தனை ஆண்டு குடத்திலிட்ட விளக்காக இருந்தது? இருபத்தேழு ஆண்டு. 1989-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கம். மார்ட்டின் சால்ஃபி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆராய்ந்தது கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் ஒரு சிறு புழுவை. மேடையில் பேசியவர் பேச்சோடு பேச்சாக அந்தப் புரதத்தைச் சொன்னார். சால்ஃபிக்கு அதன் பிறகு மீதிப் பேச்சே காதில் விழவில்லை என்பார்கள். 1994-இல் அவருடைய புழுவின் நரம்புக்குள் பச்சை விளக்கு எரிந்தது. ரோஜர் சியன் அந்தப் புரதத்தை மேலும் பல நிறங்களில் ஒளிர வைத்தார். 2008-இல் ஷிமோமுராவோடு மூவருக்கும் நோபல் பரிசு. இன்று உயிருள்ள செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்த வெளிச்சம்தான்.

யாரோ ஒருவர் புரியும்படி வாய்திறந்து சொன்னதால் குடம் உடைந்தது. அந்தக் கருத்தரங்கம் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை ஆண்டு?

என் அறைக்கு வாருங்கள். கறுப்பு ரெக்சின் அட்டை, முதுகில் பொன்னெழுத்து. பின்னட்டைக்குள் தேதி முத்திரை குத்தும் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். பணி ஓய்வுக்கு முந்தின மாதம் ஒரு வரிசை முழுக்க அந்தச் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி வெள்ளைத் தாள். ஒரு முத்திரைகூட விழவில்லை. சிலவற்றில் பைண்டிங் பசை காய்ந்து முதல் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, யாரும் பிரிக்காததால். ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு ஒருவர் இளமையைக் கொடுத்து எழுதியது ஐயா அது! அன்று எனக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்டீபன் ஹாக்கிங் 1966-இல் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேட்டை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2017 அக்டோபரில் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தது. வந்து குவிந்த கூட்டத்தில் அந்தத் தளமே முடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் ஒரு போட்டி தொடங்கியது. தன் ஆய்வேடு முழுவதையும் ஒரே ஒரு படத்தை வைத்து மூன்று நிமிடத்தில் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. மூன்று நிமிடத்தில் சொல்ல முடிகிறது என்றால் நான்கு பக்கத்தில் எழுத முடியாதா?

துணைவேந்தர் அவர்களே, நான் கேட்பது அந்த நான்கு பக்கம்தான். ஒவ்வொரு ஆய்வேட்டின் முன்னாலும், ஆய்வாளரே தம் தாய்மொழியில், பத்தாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியும்படி எழுதிய நான்கு பக்கம். என்ன தேடினேன், எப்படித் தேடினேன், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. கிடைக்காததையும் எழுதச் சொல்லுங்கள், அடுத்தவருக்கு ஐந்து ஆண்டு மிச்சமாகும். நெறியாளர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். வாய்மொழித் தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்வியாவது வர வேண்டும். பொது நூலகங்களுக்கு அதன் படி போக வேண்டும். கலைச்சொல் இல்லை என்பார்கள். எழுத எழுதத்தான் சொல் வரும். எழுதாமல் எந்த மொழிக்கும் வந்ததில்லை.

தரத்தைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும், தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊரே படிக்கும் என்று தெரிந்தால் அடுத்தவர் எழுத்தைத் திருடி ஒட்ட எவருக்கும் கை வராது.

வெளியே வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். இந்தக் கோரிக்கை அதில் ஒரே பக்கத்தில் இருக்கிறது. முதல் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், துணைவேந்தர் அவர்களே. அதற்கு அடுத்த வரியில் நானே காலையில் போட்டுவிட்டேன். ஆய்வாளர்கள் போகும்போது பெயரோடு தங்கள் ஆய்வுத் தலைப்பையும், பேச்சு வழக்கிலேயே, ஒரு வரியில் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.