பட்டறையிலிருந்து வந்த சாக்கு மூட்டை

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 28 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் என்னைத் ‘தமிழம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி ஆண்டு விழாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டதுமே எனக்கு ஒரு சாக்கு மூட்டைதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் முனை மழுங்கிய அரிவாள்களும் தேய்ந்த கொழுக்களும் இருந்தன. அந்த மூட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

தருமபுரிக்குத் தகடூர் என்பது பழைய பெயர். அதியமான் ஆண்ட மண். அதனால் நம் பக்கத்துப் பள்ளிகளில் விழா என்றாலே ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் காட்சியைப் போட்டுவிடுவார்கள். அந்த ஆண்டு நாங்கள் நெல்லிக்கனியை விட்டுவிட்டு, அதியமானோடு போருக்கு நின்ற தொண்டைமானிடம் ஔவை தூது போன காட்சியை எடுத்துக்கொண்டோம். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். நெய் பூசி, மயில் பீலி அணிவித்து, மாலை சூட்டிய ஆயுதங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஔவை அவற்றைப் பார்த்துவிட்டு, ‘இவை நன்றாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன’ என்கிறார். புகழ்வதுபோலச் சொல்லிப் போரையே தடுக்கப் பார்த்த சொல் அது.

தொண்டைமானின் வேல்களைச் செய்வதில் ஒரு சிரமமும் இல்லை. அட்டையை வெட்டி வெள்ளித்தாள் ஒட்டினோம், மயிலிறகு செருகினோம், பளபளவென்று வந்துவிட்டது. அதியமானின் வேல்கள்தான் வசப்படவில்லை. அட்டையை எப்படி ஒடித்தாலும் அது ஒடிந்த அட்டையாகவே தெரிந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். ஒன்பதாம் வகுப்பு. பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை.

“அம்மா, எங்கள் அப்பா பட்டறையில் இந்த மாதிரி நிறையக் கிடக்கிறது. எடுத்து வரட்டுமா?”

மறுநாள் மூட்டையோடு வந்தான். ஊரார் தட்டிக் கொடுக்கச் சொல்லிப் போட்டுவிட்டுப் போன அரிவாள், களைக்கொத்து, கோடரி, ஏர்க்கொழு எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வகுப்புக்குக் காட்டினான். இது கல்லில் பட்டுப் பல் விழுந்தது. இது வேரில் மாட்டி வளைந்தது. இதற்குப் பதம் போய்விட்டது, உலையில் காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்த்தால் திரும்பி வரும். அரை மணி நேரம் பேசினான். வகுப்பில் ஓர் ஓசை இல்லை.

அதுவரை அந்தப் பாட்டை எத்தனையோ முறை நடத்தியிருந்தேன். பட்டறையில் கிடக்கும் வேல் என்றால் கழித்துப் போட்டது என்கிற எண்ணம்தான் என் மனத்தின் ஓரத்தில் இருந்தது. அது நாளைக்கு மறுபடியும் களத்துக்குப் போகிற வேல் என்பதை எனக்குப் புரியவைத்தவன் அந்தப் பிள்ளை.

நாடகத்தைத் தெருக்கூத்தாகவே போட்டோம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மாணவியின் தாத்தா கட்டியங்காரன் வேடம் கட்டியவர். மாலை நாலு மணிக்கு மேல் பள்ளிக்கு வந்து அடவு சொல்லிக்கொடுத்தார். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போர்வையைப் பிடித்தால் அதுதான் திரை. திரைக்குப் பின்னால் வேடக்காரர் நின்று சலங்கையை உதறினாலே பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். “திரை பிடிக்கிறவன் கை தளர்ந்தால் ராஜா வரவே மாட்டார்” என்று தாத்தா அடிக்கடி சொல்லுவார். திரை பிடித்த இரண்டு பிள்ளைகளும் வேடக்காரர்களை விட அதிகம் ஒத்திகை பார்த்தார்கள். பின்பாட்டுக்கு எட்டுப் பேர். பம்பை அடிக்க ஒருவன். அரிதாரம் பூச, கிரீடம் கட்ட, பொருள்களை எண்ணி எடுத்துவைக்க என்று வகுப்பில் வேலையில்லாத பிள்ளையே இல்லை. திங்கள்கிழமை என்றால் வராமல் நின்றுவிடுகிற சிலர் அந்த மாதம் முழுக்க வந்தார்கள்.

‘எங்கள் பள்ளி’ என்கிற சொல் ஒரு பிள்ளையின் வாயில் எப்போது வருகிறது? தன் கையால் செய்த ஏதோ ஒன்று அங்கே இருக்கும்போது வருகிறது. நான் கண்ட வரையில் வேறு வழி ஒன்றும் இல்லை.

இதற்கு முன்னால் வேறொரு பள்ளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நடனத்துக்கு வெளியிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்தார்கள். ஒலிப்பேழைப் பாட்டு, வாடகை உடை. உயரம் பார்த்து, நிறம் பார்த்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஆம், நிறம் பார்த்து. உடை வாடகைக்குத் தலைக்கு 350 ரூபாய் கேட்டார்கள். ஒரு பிள்ளையின் தாய் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். அந்தப் பிள்ளை நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, “எனக்குக் கால் வலிக்கிறது அம்மா, நான் ஆடவில்லை” என்றாள். அவள் காலில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழுவுக்கு நான்தான் பொறுப்பாசிரியை. அன்றைக்கே தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பேசியிருக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் இந்த வானொலி வழியாகவாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சினிமாப் பாட்டுக்கு ஆடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்ததை ஆடட்டும். ஆனால் பாட்டும் வெளியிலிருந்து, உடையும் வெளியிலிருந்து, ஆட்டமும் வெளியிலிருந்து என்றால் அதில் பிள்ளைகளுடையது என்ன இருக்கிறது?

அரசுப் பள்ளிகளுக்கு 2022-23 கல்வியாண்டிலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகிறது. பறையும் சிலம்பும் தெரிந்த பிள்ளைகளுக்கு முதல் முறையாகப் பள்ளிக்கூடத்தில் பெயர் கிடைத்ததை என் கண்ணால் பார்த்தேன். மனமார வரவேற்கிறேன். ஆனாலும் அது போட்டி. மேலே போகப் போக ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். எல்லோருக்கும் இடம் கொடுக்கக்கூடியது ஆண்டு விழா ஒன்றுதான். அதையும் நன்றாக ஆடுகிற நான்கு பேருக்கே கொடுத்துவிட்டால் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

2024இல் மகிழ் முற்றம் என்ற பெயரில் மாணவர் குழுக்கள் வந்தன. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து. ஓய்வு பெற்ற பின்பு ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது நெய்தல் குழுவைச் சேர்ந்த ஆறாம் வகுப்புச் சிறுமி என்னிடம், “நான் கடலே பார்த்ததில்லை, என்னை ஏன் நெய்தலில் போட்டார்கள்?” என்று கேட்டாள். நம் மாவட்டத்துக்குக் கடல் ஏது? ஒகேனக்கல்லில் விழுகிற தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது கடலில்தான் என்று சொன்னேன். உடனே அவள், “அப்படியென்றால் எங்கள் குழு காவிரியைப் பற்றி நாடகம் போடலாம்” என்றாள். பிள்ளைகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

விழா நடத்துகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். விழாவை மதியம் இரண்டு மணிக்கே தொடங்குங்கள். மலை ஊர்களுக்கும் உள்கிராமங்களுக்கும் கடைசி பஸ் எப்போது என்பது உங்களுக்குத் தெரியும். தான் ஆடுவதற்கு முன்பே பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது, பெரியவர்களின் உரைகளைக் கடைசியில் வையுங்கள். அரிதாரம் பூசிய முகத்தோடு பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருப்பதும், பொன்னாடை மேல் பொன்னாடையாக மேடையில் விழுந்துகொண்டிருப்பதும் கொடுமை. வியர்வையில் மை வழிந்து கண் எரியும். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் தங்கள் பிள்ளையைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

அன்றைய நாடகத்தில் தொண்டைமானின் அட்டை வேல்களைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது. அடுத்துத் திரை விலகி, அந்தப் பிள்ளை தன் அப்பாவின் பட்டறையை மேடையில் விரித்தான். சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்னாலிருந்து ஓர் அம்மா, “அது என்னுடைய களைக்கொத்து!” என்று கத்தினார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பக்கத்திலிருந்தவர்களும் எழுந்து தங்கள் பொருளைத் தேடத் தொடங்கினார்கள். ஔவையாக நின்ற மாணவி அந்தச் சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து, அதன்பிறகுதான் தன் வசனத்தைச் சொன்னாள். அந்தப் பொறுமையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது மணி ஏழு. கொல்லர் தன் சட்டைக் கரியோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். காலையில் வேலைக்கு எல்லோருக்கும் அவரவர் பொருள் வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் சணலால் சீட்டுக் கட்டி உரியவர் பெயரை எழுதியிருந்தார்கள். அவருடைய மகன் விளக்கு வெளிச்சத்தில் நின்று ஒவ்வொரு சீட்டாகப் படித்தான். தலைகுனியாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில், ஒவ்வொரு பெயராக.

நன்றி, வணக்கம்.