சாதனை மீனும் தாய்மீனும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் போக்கா கிராண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் உலகெங்கிலும் இருந்து தேடி வரும் இடம். 2006 மே மாதம் அங்கே ஒரு கொம்பன் சுறா சிக்கியது. எடை 1,280 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 580 கிலோ. உலக சாதனை. அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் அதை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் 55 குட்டிகள் இருந்தன.

இந்த ஒரு மீனை வைத்தே அந்த மாநிலத்தின் மீன்பிடி விதிகளைப் பற்றிப் பேசிவிடலாம். சாதனை என்றால் இருப்பதிலேயே பெரிய மீன் வேண்டும். பல இனங்களில் அந்தப் பெரிய மீன் பெண்ணாகத்தான் இருக்கும். அதிலும் நிறைய முட்டையோ குட்டியோ தரக்கூடிய வயதில் இருக்கும்.

ஸ்னூக் என்ற மீனைப் பாருங்கள். நம் ஊர்க் கொடுவாவுக்குத் தூரத்து உறவு. கொடுவாவைப் போலவே இதுவும் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும். அதனால் பெரிய ஸ்னூக்குகள் பெரும்பாலும் பெண்கள். ஃப்ளோரிடாவில் 28 அங்குலத்துக்குக் குறைவான ஸ்னூக்கை எடுக்கக்கூடாது. அட்லாண்டிக் பக்கம் 32 அங்குலத்தையும் மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 33 அங்குலத்தையும் தாண்டியதையும் எடுக்கக்கூடாது. இடைப்பட்ட அளவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். முட்டையிடும் கோடையிலும் குளிர்காலத்திலும் அதுவும் கிடையாது. குளிர் இந்த மீனுக்கு ஆகாது. 2010 ஜனவரியில் அடித்த கடுங்குளிரில் ஸ்னூக்குகள் ஏராளமாகச் செத்து மிதந்தன. வளைகுடாப் பக்கம் 2013 வரை பிடிக்கவே விடவில்லை. தூண்டில்காரர்களுக்கு அது வருத்தம்தான். ஆனாலும் மீன் மீண்டு வந்தது.

சின்ன மீனை விட்டுவிடு என்பது எல்லோருக்கும் எளிதில் புரியும். பெரிய மீனையும் விட்டுவிடு என்ற பாதிதான் முக்கியமானது என்பேன்.

டார்பன் என்ற பெரிய மீன் விஷயத்தில் இன்னும் கடுமை. 2013 முதல் பிடித்தால் விட்டுவிட வேண்டும். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனை, சாதனைக்கான அனுமதிச்சீட்டு இல்லாமல், படம் எடுக்கக்கூடத் தண்ணீரை விட்டுத் தூக்கக்கூடாது. அந்தச் சீட்டு 50 டாலர், ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்று. கோலியாத் களவாவை 1990-லேயே தடை செய்துவிட்டார்கள். அதன் சாதனை 680 பவுண்டு, 1961-ல் ஃபெர்னாண்டினா பீச்சில் பிடிபட்டது. 2023-ல் குலுக்கல் முறையில் கொஞ்சம் பேருக்குப் பிடிக்க அனுமதி கொடுத்தார்கள். அப்போதும் 24 முதல் 36 அங்குலம் வரை உள்ள இளம் மீன்கள் மட்டும்தான்.

கொம்பன் சுறாவையும் 2012 தொடக்கத்திலிருந்து மாநிலக் கடலில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. இதில் எனக்கு மகிழ்ச்சிதான். வயிற்றில் அத்தனை குட்டிகளோடு இன்னொன்று தராசில் தொங்கவே வேண்டாம்.

அப்படியானால் சாதனை என்ற ஆசையையே விட்டுவிட வேண்டுமா? தேவையில்லை. உலக மீன்பிடி சாதனைகளைப் பதிவு செய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பு 1939-ல் தொடங்கியது. இப்போது அதன் தலைமையகமே ஃப்ளோரிடாவில்தான், டேனியா பீச்சில். 2011-ல் அவர்கள் நீளத்துக்கென்று தனிச் சாதனைப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார்கள். மீனை அவர்களுடைய அளவுப்பலகையில் கிடத்தி அளந்து, படம் எடுத்து, உயிரோடு விட்டுவிட வேண்டும். செத்த மீனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அங்கே போய்த் தூண்டில் போட நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். லைசென்ஸ் வாங்குவதோடு, அந்த வாரத்து விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு போய்விடும், நோய் தொற்றும். செவுளுக்குள் விரலை விடாதீர்கள். களைத்த மீனென்றால் தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்திருங்கள், அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை.

நன்றி, வணக்கம்.