புசிக்கிறவனும் புசியாதவனும்

அன்பான சகோதர சகோதரிகளே, ரோமர் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். பவுல் ரோமாபுரி சபைக்கு இந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதியது கி.பி. 57 வாக்கில். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ரோமப் பேரரசனான கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னான். ஆக்கில்லா என்ற யூதரும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் அப்படி வெளியேறியவர்கள்தான். இந்த நிருபம் எழுதப்படும்போது அவர்கள் திரும்பிவிட்டார்கள். 16-ஆம் அதிகாரத்தில் பவுல் அவர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார். ஆக, ஒரே சபையில் யூத விசுவாசிகளும், யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளும். ஒருவர் இறைச்சி தொடமாட்டார், மற்றவர் எதையும் சாப்பிடுவார். ஒருவர் சில நாட்களை விசேஷமாக எண்ணுவார், மற்றவருக்கு எல்லா நாளும் ஒன்றே.

பவுல் இரண்டு பேரையும் கண்டிக்கிறார், ஆனால் ஒரே குற்றத்துக்காக அல்ல. 3-ஆம் வசனத்தைக் கவனமாகப் படியுங்கள். புசிக்கிறவனிடம், 'அற்பமாயெண்ணாதே' என்கிறார். புசியாதவனிடம், 'குற்றவாளியாகத் தீர்க்காதே' என்கிறார். சுதந்திரமாக இருக்கிறவனுக்கு மற்றவனைப் பார்த்தால் இளக்காரம். கட்டுப்பாடாக இருக்கிறவனுக்கு மற்றவனைப் பார்த்தால் சந்தேகம், 'இவன் இரட்சிக்கப்பட்டவன்தானா?' இன்றைக்கும் நம்மிடம் இந்த இரண்டும்தான் ஓடுகிறது. நகை போடலாமா, கைதட்டிப் பாடலாமா, எந்த ஞானஸ்நானம் என்று வாக்குவாதம் தொடங்குகிறது. முடிவில் ஒரு சகோதரனுடைய ஆத்துமாவுக்கே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பவுலுக்குத் தன் கருத்து தெளிவாகவே இருந்தது. எந்த உணவும் தன்னிலே தீட்டல்ல என்கிறார். பலமுள்ளவர்களோடு தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். இருந்தும், 'நான் சொல்வதுதான் சரி, எல்லாரும் சாப்பிடுங்கள்' என்று அவர் கட்டளையிடவில்லை. "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்று கேட்கிறார். அந்த வேலைக்காரனுக்கு எஜமான் இருக்கிறார். கணக்குக் கேட்பது அவர் பாடு.

சரி, அப்படியானால் எதையும் கண்டிக்கவே கூடாதா? இதே பவுல் அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தாரே! அங்கேயும் விஷயம் பந்திதான். ஆனால் புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுவந்த பேதுரு அந்தப் பந்தியை விட்டு விலகிக்கொண்டதால், புறஜாதி விசுவாசிகள் யூதரைப் போல மாறினால்தான் சரிசமம் என்ற நிலை வந்தது. அது சுவிசேஷத்தின் சத்தியத்தையே தொட்டது, அதனால்தான் எதிர்த்தார். எல்லார் முன்பாகவும் நடந்ததை எல்லார் முன்பாகவும், பேதுருவின் முகத்துக்கு நேரே சொன்னார். முதுகுக்குப் பின்னால் பேசவில்லை.

சகோதரன் உங்களுக்கு விரோதமாகவே குற்றம் செய்தால், மத்தேயு 18-இல் ஆண்டவர் வழி சொல்லியிருக்கிறார். முதலில் நீங்களும் அவரும் தனியாக. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு. அதற்கும் அப்புறம்தான் சபை. நம்மில் பலர் கடைசிப் படியில்தான் தொடங்குகிறோம். அதுவும் 'அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக்கொண்டே அவருடைய குறையை நான்கு பேரிடம் பரப்புகிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. யாரைப் பற்றியாவது அப்படி ஒரு ஜெபக்குறிப்பு உங்கள் மனதில் இருந்தால், இந்த வாரம் முதலில் அவரிடமே போய்ப் பேசுங்கள்.